வண்டி சூடாகும் வரை

அயப்பாக்கத்தைத் தாண்டிய பிறகுதான் சோப்பு டப்பாவைக் குழாயடியிலேயே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை. எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் ஏதாவது ஒன்று அங்கே தங்கிவிடும். அதற்காக நான் திரும்பி நடந்ததே கிடையாது.

மார்கழி முடியப் போகிற நேரம். வெயில் வந்தும் ஏரிப் பக்கத்துப் பனி முழுதாக விலகவில்லை. திருவேற்காட்டுக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் மனைபோட்ட வயல்கள். நெல்லும் இல்லை, வீடும் இல்லை, வெள்ளையடித்த கற்கள் மட்டும் வரிசையாக நின்றன. பூந்தமல்லி போய்விட்டால் பெங்களூர் லாரி ஏதாவது கிடைக்கும் என்று நடந்தேன். முதலாளி கடைசியாகச் சொன்னதுதான் காதை விட்டுப் போகவில்லை. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கார் ஷெட்டின் பின்னறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற டிரைவர் மனைவியிடம் சொன்னார்.

"நாளைலேர்ந்து நீயே சாவியத் திருப்பிடும்மா. இங்கியேதான கீற. ஷட்டர மட்டும் தூக்காத. சூடு ஏறிச்சினா நானே வந்து எடுத்துக்கிறேன். இதுக்குன்னு ஒரு ஆளு இன்னாத்துக்கு?"

அவள் சரியென்று தலையாட்டினாள். அவள் இடுப்பில் குழந்தை, விடிந்து அவ்வளவு நேரமாகியும், தலையைத் தாயின் தோளில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

அம்பத்தூரில் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு தெருவில், முதலாளி இரண்டு பழைய அம்பாசிடர்களை வைத்து வாடகைக்கு ஓட்டினார். ஒன்றை அவரே ஓட்டுவார். இன்னொன்றுக்கு டிரைவர். என்னை வைத்துக்கொண்டது வண்டி கழுவவும், விடிவதற்கு முன்னால் எழுந்து என்ஜினைச் சூடேற்றவும். எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். அதற்குள் ஓட்டல், செங்கல் சூளை, லாரி, வார்ப்படப் பட்டறை என்று பல இடம் பார்த்திருந்தேன். வண்டியைச் சூடேற்றுவதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பது எனக்கே புதிதாக இருந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் வருவதற்கு முந்தின வருஷம், ஒரு பனிக்காலத்து விடியலில், முதலாளி கல்யாணக்காரர்களை ஏற்றிக்கொண்டு அவசரமாகக் கிளம்பியிருக்கிறார். என்ஜின் சூடாகவில்லை. ரயில்வே கேட்டின் நடுவில், தண்டவாளத்தின் மேல், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. கேட்கீப்பர் கத்திக்கொண்டே ஓடி வந்து, பால்காரர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தள்ளி, ஒருவழியாக வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். பின்னால் ரயில் போன காற்றில் பெண்வீட்டார் வைத்திருந்த தட்டு கவிழ்ந்ததாம். அன்றிலிருந்து, வண்டி நன்றாகச் சூடாகாமல் ஷெட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பது அங்கே சட்டமாகிவிட்டது.

குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டி விடுகிற சோக்குக் குமிழை முழுசாக வெளியே இழுத்து சாவியைத் திருப்ப வேண்டும். பேட்டரி முனகினால் முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். குளிர்காற்று படாமல் ரேடியேட்டருக்கு முன்னால் கோணிப்பை தொங்கும். என்ஜின் பிடித்துக்கொண்டதும் வண்டி முழுக்க உதறும். அந்த உதறல் அடங்க அடங்க, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். சத்தம் ஒரே சீராக வந்துவிட்டால் வேலை முடிந்தது. அவ்வளவுதான். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு போடுவதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன்.

ஷட்டரை இறக்கி வைக்கச் சொன்னதற்கு இரண்டு காரணம். எதிர்வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிப்ட். அவர் வந்து படுக்கிற நேரமும் எங்கள் வண்டி உறுமுகிற நேரமும் ஒன்று. "தூங்கற மனுஷன் காதாண்ட வந்து லாரி ஓட்றீங்களேடா" என்று ஒருமுறை பனியனோடு வந்து கத்திவிட்டுப் போனார். இன்னொன்று கொசு. அந்தத் தெருவில் கொசு என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சாக்கடைத் தண்ணீர் ஏரி வரைக்கும் தேங்கி நிற்கும். ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியைப் போட்டால், புகை ஷெட் முழுக்க நிறைந்து, பலகைத் தடுப்பின் மேல் இடைவெளி வழியாகப் பின்னறைக்கும் போகும். ஒரு கொசு இருக்காது. முதலாளிக்கு அதில் பெருமை. "கொசுவத்தி வாங்கற வேலையே கெடையாது நம்ம ஊட்ல" என்பார்.

பின்னறையில் டிரைவரும் மனைவியும் நடக்க ஆரம்பிக்காத ஒரு பெண்குழந்தையும் இருந்தார்கள். வாடகை கிடையாது, வண்டிகளுக்குக் காவல் என்று கணக்கு. ஒரு ஜன்னல் இருந்தது. திருட்டுக்குப் பயந்து அதைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் ஒன்று அறையின் நடுவில் தொங்கியது. கட்டும்போது வெள்ளை. பண்டிகை முடிந்து சில நாளிலேயே தடுப்பைப் பார்த்த பக்கம் சாம்பல் நிறமாகிவிட்டது.

ஆரம்பத்தில் அவளே என்னிடம் கேட்டாள். "அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் வண்டி ஓடட்டும்ணா. கொசு போனாத்தான் இது தூங்குது."

நானும் விட்டேன். விட்டுவிட்டு, கண் எரிகிறது என்று ஷட்டரின் கீழ் இடுக்கு வழியாக வெளியே வந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். டீ குடிக்கும்போது நெற்றிப்பொட்டில் இடிக்கும். பனி என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவளுக்கும் தலைவலி. காலையில் எழுந்ததும் வாந்தி வருகிறது என்பாள். தெருப் பெண்கள் வேறு அர்த்தத்தில் சிரித்தார்கள். "இன்னாடீ, அடுத்ததா?" என்று கேட்டார்கள். அவள் இல்லை என்று சொன்னாலும் நம்பவில்லை. தைலம் தடவிக்கொண்டாள். சர்ச்சில் பாதிரியார் தலைமேல் கை வைத்து ஜெபம் செய்தார். குழந்தையைப் பற்றி மட்டும் யாரும் கவலைப்படவில்லை. விடியலில் எந்தக் குழந்தையும் அழும், இது அழாது. பால் நேரம் தாண்டியும் தூங்கும். "தங்கமான புள்ள" என்று அந்தப் பெண்களே கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்கள். கன்னம் நல்ல சிவப்பாக இருக்கும்.

பிறகு கோழி செத்தது. ஷெட்டின் மூலையில், வண்டியின் பின்பக்கம், கூடை போட்டு ஒரு கோழியைக் கவிழ்த்து வைப்பாள். ஒருநாள் காலை கூடையைத் தூக்கினால் கோழி சாய்ந்து கிடந்தது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. கொண்டை மட்டும் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடச் சிவப்பு. கோழிக்குச் சீக்கு வந்திருக்கிறது என்று தூக்கிப் போட்டார்கள். நான்தான் ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் புதைத்தேன். புதைக்கும்போது எனக்குக் கொடைக்கானல் நினைவு வந்தது.

அங்கே ஒரு ஓட்டலில் கொஞ்ச நாள் தட்டு கழுவினேன். குளிருக்கு, கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் படுப்போம். ஒரு ராத்திரி எனக்கு வயிற்றுக் கோளாறு. எழுந்து எழுந்து வெளியே போக வேண்டியிருந்ததால் மாட்டுக்கொட்டகையிலேயே படுத்துவிட்டேன். காலையில் மற்ற இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தபோது, நன்றாகத் தூங்கி எழப்போகிறவர்களைப் போல முகம் சிவந்து இருந்தார்கள். மூடிய அறையில் கரிப்புகைதான் கொன்றது என்றார்கள். அந்தச் சிவப்பை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை, அந்தக் கோழியின் கொண்டையைப் பார்க்கும் வரை.

அடுத்த சில நாள் இரண்டு வண்டியும் சபரிமலைக்குப் போய்விட்டன. ஷெட் காலி. முதல் நாள் விடியலிலேயே குழந்தை அழுதது. வீறிட்டு, தெருவே கேட்கும்படி. மறுநாளும் அழுதது. எதிர்வீட்டுக்காரர் இதற்கும் ஒருமுறை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அவளுக்குத் தலைவலி இல்லை; வாசலில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கொசு மட்டும் கடித்தது. வண்டிகள் திரும்பி வந்த மறுநாள் ஷட்டர் இறங்கியது. குழந்தை மறுபடியும் அமைதியாகிவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். புகை உள்ளே போகிறது, வேண்டாம் என்றேன்.

"எத்தினி வருசமா வண்டி ஓட்டிகினு கீறேன், எனக்குத் தெரியாத புகையா? புகைல செத்தா மவுண்ட்ரோட்ல ஒருத்தன் உயிரோட இருப்பானாடா?"

மறுநாள் நான் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். எதிர்வீட்டுக்காரர் வந்தார், முதலாளி மாடி வீட்டிலிருந்து இறங்கினார், சண்டை. வெயில் ஏறுவதற்குள் நான் பையோடு தெருவில் நின்றேன். அப்போதுதான் அவர் அவளைப் பார்த்து அதைச் சொன்னார். நாளைக்கு என்ன ஆகும் என்று நானும் அவளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நீங்க வேலை போன கோவத்துல பேசறீங்கண்ணா" என்றாள், மெதுவாக, என் மனம் நோகக்கூடாது என்பது போல.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அவள் புருஷன் வண்டியை நிறுத்தி, பானெட்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலமே சவாரியோடு வந்தவன். என் தோளில் பையைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா மாமே, கெளம்பிட்டியா? இந்தத் தபா எந்த ஊரு?"

"வேலைய விட்டு அனுப்பிட்டாரு."

"இன்னா பண்ண?"

"ஷட்டரத் தூக்கினேன்."

"ஷட்டரத் தூக்கினதுக்கா? நான்கூட வண்டியத்தான் தூக்கிட்டியோன்னு பாத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கோழி, கொடைக்கானல், சபரிமலைக்குப் போன நாட்களில் குழந்தை அழுதது. அவன் பீடியை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"லாரில கிளீனரா இருந்தப்ப சைலன்சராண்டயே குந்திகினு போவேன் மச்சான். அத்தினி புகையும் எனக்குத்தான். செத்தா பூட்டேன்?"

"அது தெறந்த வெளி."

"கொசு சாவுது. அது நல்லதுதான?"

"கொசு சாவுதுல்ல?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"ஆமா. அது இத்துனூண்டு."

"உன் பொண்ணு எவ்ளோ பெருசு?"

அவன் சிரிப்பு நின்றது. பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "வாயக் கழுவுடா" என்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மண்டபத்து வாழைமரத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"கூட்டம் சாப்ட்டதும் வேலூர் போவணும். நாளைக்கி மத்தியானம்தான் வருவேன்."

"முதலாளி வீட்டுக்குப் போன் பண்ணு."

"பண்ணி? உன் வண்டி என் புள்ளையக் கொல்லுதுன்னு சொல்றதா? ஊட்டக் காலி பண்ணுன்னுவாரு. பொண்டாட்டி புள்ளைய எங்க குந்தவெப்பேன், இந்த டிக்கிலயா?" வேட்டி கட்டிய ஒருவர் உள்ளேயிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். அவன் போகும்போது திரும்பாமலே சொன்னான். "நாளைக்கி வந்து பேசிக்கிறேன். ஒருநாள்ல இன்னா ஆவப் போவுது?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் சோக்கைப் பார்த்துப் பார்த்து உள்ளே தள்ளியது நான். அவளுக்கு அது தெரியாது. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பத் தெரியும், அவ்வளவுதான். சோக்கு வெளியே இருந்தால் புகை பல மடங்கு வரும், ஷட்டர் இறங்கியிருக்கும், கீழே நான் விட்டுவைக்கிற இடுக்குக்கூட இருக்காது. முதலாளி சொன்னால் அவர் சொன்னபடியே செய்கிற பெண் அவள்.

பெங்களூர் லாரி கிடைத்தது. மூட்டை ஏற்றிக் கொடுத்தால் கூட்டிப் போகிறேன் என்றார் லாரிக்காரர். ஏற்றிக் கொடுத்துவிட்டு ராத்திரி மூட்டைகளின் மேலேயே படுத்தேன். விடிவதற்கு முன்னால் கீழே என்ஜினைப் போட்டார்கள். டீசல் என்ஜின் குளிரில் முதலில் திக்கித் திக்கித்தான் ஓடும். அந்தச் சத்தம் மூட்டை வழியாக என் முதுகுக்கு வந்தது. அங்கே அம்பத்தூரிலும் இதே நேரம்தான் என்று தோன்றியது. நான் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டேன். "இன்னாபா, வரலியா?" என்று கேட்டார்கள். பதில் சொன்னேனா என்று நினைவில்லை. சாலையில் ஒரு பால் வேன் கையைக் காட்டியதும் நின்றது.

தெருமுனையில் இறங்கியபோது இருட்டு பிரிய ஆரம்பித்திருந்தது. பனியில் விளக்குக் கம்பம் இருக்கிற இடத்தில் ஒரு மஞ்சள் கறை மட்டும் தெரிந்தது. கோயில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம், மூடிய வாய்க்குள்ளிருந்து வருவது போல. சோக்கு உள்ளே போகாத என்ஜின் போடுகிற உதறல்.

காலையில் மட்டும் தண்ணீர் வருகிற அடிபம்பில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். அதில் அவளும் நின்றாள். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணமே அவள் இடுப்பைப் பார்த்தேன். குடம்தான் இருந்தது.

"போவலியாண்ணா?"

"குழந்தை எங்க?"

"தூங்குது. வண்டியப் போட்டுட்டு வந்தேன், தண்ணி நின்னுடுமே."

நான் ஓடினேன். ஷட்டரைத் தூக்கியதும் புகை என் மேல் விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் முதலில் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். பின்னறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. நட்சத்திரம் தொங்குகிற இடமே தெரியவில்லை. தூளியைக் கையால் தடவிக் கண்டுபிடித்தேன். குழந்தை சூடாக இருந்தது. கனமாகவும் இருந்தது, தூங்குகிற குழந்தையின் கனம் இல்லை அது. கழுத்து என் முழங்கைக்கு வெளியே தொங்கியது.

வெளியே கொண்டு வந்து தரையில் கிடத்தினேன். அவள் குடத்தைப் போட்டுவிட்டு வந்தாள். கத்தவில்லை. குழந்தையின் பேரைச் சொல்லிச் சொல்லி உள்ளங்காலைத் தேய்த்தாள். ஒருத்தி பம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தாள். எதிர்வீட்டுக்காரர் படியில் நின்றுகொண்டிருந்தார், சத்தத்துக்குச் சண்டை போட வந்தவர். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். "இன்னாடா இவ்ளோ செவப்பா கீது" என்றார். கோயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு குழந்தைக்கு ஒரு விக்கல் வந்தது. கொஞ்சம் பால் கக்கியது. இன்னொரு விக்கல். பிறகு அழுகை என்று சொல்ல முடியாத ஒரு முனகல், பூனைக்குட்டி போல.

முதலாளி லுங்கியோடு இறங்கி வந்தார். ஷெட்டுக்குள்ளிருந்து இன்னும் வந்துகொண்டிருந்த புகையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவ்வளவு நன்றாக எந்தக் காலையிலும் அந்த வண்டி சூடேறியிருந்ததில்லை. தாயையும் குழந்தையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் அந்த ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

நான் போகவில்லை. ஜன்னலில் அடித்திருந்த பலகையை ஒரு கம்பியால் நெம்பிப் பிடுங்கினேன். எதிர்வீட்டுக்காரர் வந்து மறு நுனியைப் பிடித்தார். கழற்றி முடித்ததும் குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். என் சோப்பு டப்பா அங்கேயே இருந்தது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு முதலாளி தனியாகத் திரும்பி வந்தார். வண்டியை உள்ளே விடவில்லை, தெருவிலேயே நிறுத்தினார். "பால் குடிச்சிச்சி. ரெண்டு நாள் வெச்சிப் பாக்கணுமாம்" என்றார். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "காலைல சவாரி இருக்கும்போது வண்டிய எங்கதான்டா சூடு பண்றது?" என்று கேட்டார்.

ஏரிக்கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் பண்ணலாம் என்றேன். எதிர்வீட்டுக்கும் கேட்காது.

"யாரு தள்றது, தெனமும், அவ்ளோ தூரம்?"

"நான்."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் போனவர், என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டேன். விட்டு வந்த இடத்துக்கே திரும்பி நான் வாங்கிய வேலை அது ஒன்றுதான். விடிவதற்கு முன்னால், கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு கை ஸ்டியரிங்கிலும் தோள் கதவுத் தூணிலுமாக, ஒவ்வொரு வண்டியாகத் தெருவைக் கடந்து இருட்டுக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன்னால் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நிற்க வேண்டும். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்கும் வரை வண்டியில் கை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி வேலையை முதலாளி எனக்குச் சொல்லவில்லை.